மூன்று பேர் சேர்ந்து பனியன் கம்பெனி: கடன் நின்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் திருப்பூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் புரொடக்ஷன் பார்க்கிறார். மனைவியின் தம்பிக்கு ஆர்டர் பிடிக்கத் தெரியும். இருவரும் சேர்ந்து இருபது மெஷின் போட்டுச் சொந்தமாகத் தொடங்கப்போகிறார்கள். மாமனார் நிலம் விற்ற பணத்தில் 25 லட்சம் தருகிறார், வேலையில் தலையிட மாட்டார். மனைவியையும் பார்ட்னராகச் சேர்த்தால் வரி குறையும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். புரொப்ரைட்டர் (ஒற்றை ஆள் தொழில்), பார்ட்னர்ஷிப், எல்எல்பி (பொறுப்புக்கு வரம்புள்ள பார்ட்னர்ஷிப்), பிரைவேட் லிமிடெட், இதில் எது செலவு குறைவு?

செலவை முதலில் ஒதுக்கி வையுங்கள். நான்கில் எதைப் பதிவு செய்தாலும் ஆகிற செலவு, உங்கள் முதல் மாத நூல் பில்லுக்குக் கிட்டே வராது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு. தொழிலில் பணம் கொடுக்க முடியாமல் போனால் நூல்காரரும் பேங்கும் ஜிஎஸ்டி ஆபீசும் யாருடைய சொத்தைத் தொட முடியும்? உங்களைக் கேட்காமலே உங்களைக் கடனாளி ஆக்கக்கூடிய கையெழுத்து யாரிடம் இருக்கிறது? ஆடிட் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். பிரிந்துபோன கூட்டுத் தொழில்களில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஆரம்பத்திலேயே பேசாமல் விட்டவைதான்.

புரொப்ரைட்டரில் தொடங்குவோம். அதற்கென்று தனிச் சட்டமே கிடையாது. போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் சட்டத்துக்கு அது நீங்கள்தான். உங்கள் பான் எண், உங்கள் வருமான வரிக் கணக்கு. ஜிஎஸ்டி பதிவு, உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு), ஒரு கரண்ட் அக்கவுண்ட் இருந்தால் தொழில் ஓடும். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தையும், ஜாப் ஒர்க் போன்ற சேவைக்கு 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி கட்டாயம். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். உத்யம் பதிவு இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இணையதளங்கள் எதுவும் அரசினுடையது அல்ல.

அந்த எளிமைக்கு விலை உண்டு. தொழில் கடன் முழுவதும் உங்கள் சொந்தக் கடன். பாக்கிக்காக கோர்ட் டிகிரி (தீர்ப்பாணை) வாங்கியவர் உங்கள் வீடு, மனை, பேங்க் டெபாசிட் எல்லாவற்றையும் ஜப்தி கேட்கலாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு சிலவற்றுக்கு மட்டும் விலக்குத் தருகிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைத்தொழிலாளியின் கருவி, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகை. தாலி அந்தக் கடைசி வகையில் வரும். விவசாயி குடியிருக்கும் வீட்டுக்கும் விலக்கு உண்டு. வியாபாரியின் வீட்டுக்குக் கிடையாது.

ஒருவர் பெயரில் புரொப்ரைட்டராகப் பதிவு செய்துவிட்டு, "லாபம் ஆளுக்குப் பாதி" என்று வாய்ப்பேச்சாக ஓட்டுவதைத் திருப்பூரில் நிறையப் பார்க்கலாம். அது உங்களுக்கு வேண்டாம். யார் பெயரில் இருக்கிறதோ அவர் தலையில் மொத்தக் கடனும் உட்காரும். மற்றவருக்கு உரிமை என்று காட்ட ஒரு தாளும் இருக்காது.

அடுத்தது பார்ட்னர்ஷிப். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், உங்கள் நிலைமைக்கு ஆபத்து அதிகம் இருப்பது இங்கேதான். 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் சொல்லும் அடிப்படை இதுதான்: ஒவ்வொரு பார்ட்னரும் நிறுவனத்தின் ஏஜெண்ட். வழக்கமான தொழில் நடவடிக்கையில் அவர் போடும் கையெழுத்து எல்லோரையும் கட்டும். 25ஆம் பிரிவு இன்னொரு படி மேலே போகிறது. நிறுவனத்தின் கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் மற்றவர்களோடு சேர்ந்தும் பொறுப்பு, தனியாகவும் பொறுப்பு. உங்கள் பங்கு 40 சதவீதம் என்பதால் 40 சதவீதக் கடன்தான் உங்களுடையது என்று நினைக்காதீர்கள். நூல்காரர் 30 லட்சம் முழுவதையும் உங்களிடம் மட்டுமே வசூலிக்கலாம். மச்சினனிடமிருந்து அவர் பங்கை வாங்கிக்கொள்வது உங்கள் பாடு.

நடைமுறையில் இது எப்படி நடக்கும் என்று பாருங்கள். சீசனில் பெரிய ஆர்டர் வருகிறது. மச்சினன் அவசரத்துக்கு ஒரு புது நூல் வியாபாரியிடம் அறுபது நாள் கடனுக்கு நூல் எடுக்கிறார். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் ஃப்ளோரில் நிற்கிறீர்கள். இன்வாய்சில் நிறுவனத்தின் பெயர், கீழே "பார்ட்னர்" என்ற ரப்பர் ஸ்டாம்ப், அவர் கையெழுத்து. அவ்வளவு போதும். பையர் சரக்கைத் திருப்பி அனுப்பினாலும் அந்தப் பில் உங்கள் பில்தான். "எங்களுக்குள் ஐந்து லட்சத்துக்கு மேல் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒப்பந்தம் இருக்கிறது" என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கட்டுப்பாடு நூல்காரருக்குத் தெரிந்திருந்தால்தான் அவரிடம் அது செல்லும். அதனால் ஒப்பந்தத்தில் எழுதுவதோடு நிற்காமல், பேங்க் மேண்டேட்டில் (கணக்கை யார் இயக்கலாம் என்று பேங்குக்குக் கொடுக்கும் உத்தரவில்) இரட்டைக் கையெழுத்தைப் போடுங்கள். வழக்கமாக நூல் வாங்கும் இடங்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

சில காரியங்களை ஒரு பார்ட்னர் தனியாகச் செய்ய முடியாது என்று 19ஆம் பிரிவே சொல்கிறது. நிறுவனத்துக்காக நிலம் வாங்குவது, விற்பது, வழக்கை வாபஸ் வாங்குவது, நிறுவனத்தின் பணத்துக்குத் தன் பெயரில் பேங்க் கணக்குத் தொடங்குவது போன்றவை. நூல் கடன் அந்தப் பட்டியலில் இல்லை.

மனைவியைச் சேர்ப்பது பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன், செய்யாதீர்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனத்துக்கு லாபத்தின் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அதற்கு மேல் 4 சதவீத செஸ். பார்ட்னர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் லாபத்துக்கு அவர்கள் கையில் மறுபடி வரி இல்லை. ஆகவே பார்ட்னர் எண்ணிக்கையைக் கூட்டுவதால் நிறுவனத்தின் வரி குறையாது. வேலை செய்யும் பார்ட்னருக்குக் கொடுக்கும் சம்பளத்தை, சட்டம் வைத்திருக்கும் வரம்புக்குள், செலவாகக் கழிக்கலாம். வேலையே செய்யாத மனைவிக்குச் சம்பளம் எழுதினால் அது நிற்காது. 2025 ஏப்ரலிலிருந்து பார்ட்னருக்குத் தரும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடிக்கவும் வேண்டும்.

இதற்குப் பதிலாக மனைவி எதை அடகு வைக்கிறார் தெரியுமா? அவர் பெயரில் உள்ள எல்லாவற்றையும். "ஸ்லீப்பிங் பார்ட்னர்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். வெளியாட்களைப் பொறுத்தவரை சட்டத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. வேலை செய்யாத பார்ட்னரும் முழுப் பொறுப்பாளர். ஒரு தொழில் கவிழும்போது கணவன் சொத்தும் மனைவி சொத்தும் ஒரே கடனில் போவது மிகப் பெரிய கொடுமை, அதைத் தவிர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. அவர் உண்மையிலேயே கணக்கோ செக்கிங்கோ பார்ப்பார் என்றால் சம்பளத்துக்கு வேலைக்கு எடுங்கள்.

பதிவு செய்வதைப் பற்றி: பார்ட்னர்ஷிப்பைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, அதனால் பலர் விட்டுவிடுகிறார்கள். 69ஆம் பிரிவு அதற்குத் தரும் தண்டனை வினோதமானது. பதிவில்லாத நிறுவனத்தின் மேல் மற்றவர்கள் வழக்குப் போடலாம். நிறுவனம் தன் ஒப்பந்தப் பாக்கிக்காக மற்றவர்கள் மேல் சிவில் வழக்குப் போட முடியாது. பார்ட்னர்களும் ஒப்பந்த உரிமைக்காக ஒருவர்மேல் ஒருவர் போட முடியாது. நிறுவனத்தைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும் மட்டும் வழி உண்டு. வழக்குப் போட்ட பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் அந்த வழக்கு உயிர் பெறாது. புதிதாகப் போட வேண்டும், அதற்குள் காலவரம்பு முடிந்திருந்தால் பாக்கி போச்சு. கடனுக்குச் சரக்கு கொடுக்கும் தொழிலில் இருக்கிறவர் இந்த ஆபத்தை எடுக்கவே கூடாது. தமிழ்நாட்டில் பதிவுத்துறையில், மாவட்டப் பதிவாளரிடம் இதைப் பதிவு செய்யலாம்.

ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடங்களைச் சட்டம் தானாக நிரப்பும், அது உங்களுக்குப் பிடித்த மாதிரி இருக்காது. லாபப் பங்கு எழுதவில்லை என்றால் எல்லோருக்கும் சமம், யார் எவ்வளவு பணம் போட்டார் என்பது பார்க்கப்படாது. முதலீட்டுக்கு மேல் கடனாகப் போட்ட பணத்துக்கு 6 சதவீத வட்டி. வேலை செய்ததற்குச் சம்பளம் இல்லை. ஒரு பார்ட்னர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும்.

இந்தக் கடைசி விஷயத்தில் ஒரு நுணுக்கம். "ஒருவர் இறந்தாலும் மற்றவர்கள் தொடர்வார்கள்" என்று எழுதினால் மூன்று பேர் உள்ள நிறுவனம் தொடரும். இரண்டே பேர் இருந்தால் அந்த வரியால் பயனில்லை, ஒருவர் மட்டும் மிஞ்சி பார்ட்னர்ஷிப் இருக்க முடியாது. நீங்களும் மச்சினனும் மட்டும் பார்ட்னர் என்றால், ஒருவருக்கு ஏதாவது ஆனால் அன்றோடு நிறுவனம் முடிந்தது. ஜிஎஸ்டி, பேங்க் லிமிட், பையரோடு உள்ள ஒப்பந்தம் எல்லாவற்றையும் மறுபடி தொடங்க வேண்டும்.

விலகுவதும் லேசு இல்லை. "நான் போன வருடமே விலகிட்டேன், ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியிருக்கிறோம்" என்று பலர் சொல்வார்கள். உங்களுக்குள் எழுதிக்கொண்டது வெளியாட்களைக் கட்டாது. பதிவான நிறுவனம் என்றால் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும், அரசிதழில் வர வேண்டும், அந்தப் பகுதியில் ஓடும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் வர வேண்டும். அதுவரை நிறுவனம் வாங்கும் புதுக் கடனுக்கும் உங்களைப் பிடிக்கலாம். விலகுவதற்கு முன்பு வாங்கிய கடனுக்கோ, கடன் கொடுத்தவரும் ஒப்புக்கொண்டு உங்களை விடுவித்தால்தான் விடுதலை. ஜிஎஸ்டிக்குத் தனி விதி: விலகிய ஒரு மாதத்துக்குள் ஆணையருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இல்லையென்றால் தகவல் போய்ச் சேரும் நாள் வரை வரும் வரி, வட்டி, அபராதம் எல்லாவற்றுக்கும் நீங்களும் பொறுப்பு. பத்திரிகை விளம்பரத்தை நினைவு வைத்திருப்பவர்கள்கூட இந்தக் கடிதத்தை மறந்துவிடுகிறார்கள்.

எல்எல்பி இந்தப் பயத்தில் பாதியைத் தீர்க்கிறது. 2008இல் வந்த சட்டம். எல்எல்பி சட்டப்படி தனி நபர். சொத்து அதன் பெயரில் இருக்கும், வழக்கும் அதன் பெயரில் நடக்கும். ஒரு பார்ட்னர் எல்எல்பிக்கு ஏஜெண்ட், மற்ற பார்ட்னருக்கு ஏஜெண்ட் அல்ல. மச்சினன் எடுத்த நூல் கடன் எல்எல்பியின் கடன். அதன் சொத்து போதவில்லை என்றால் நூல்காரர் உங்கள் வீட்டுக்கு வர முடியாது. மோசடி நோக்கத்தோடு நடத்தியிருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். நீங்களே செய்த தவறான செயலுக்கும் நீங்கள் பொறுப்புதான். ஒருவர் இறந்தாலும் எல்எல்பி இருக்கும். பார்ட்னர் ஒருவராகக் குறைந்தால் ஆறு மாதத்துக்குள் இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதிலுக்கு வருடாவருடம் கணக்குக் காட்ட வேண்டும். மே 30க்குள் ஆண்டு அறிக்கை, அக்டோபர் 30க்குள் கணக்கு அறிக்கை. தொழில் நடக்காத வருடத்துக்கும் இரண்டும் உண்டு. விற்றுமுதல் 40 லட்சத்தையோ முதலீடு 25 லட்சத்தையோ தாண்டினால் ஆடிட் கட்டாயம். வரி பார்ட்னர்ஷிப் மாதிரியேதான். எல்எல்பி ஒப்பந்தத்தை 30 நாளில் தாக்கல் செய்ய வேண்டும். அதையும் இணையத்தில் கிடைத்த மாதிரியை நிரப்பிப் போடாதீர்கள். நான் மேலே சொன்ன கையெழுத்து வரம்பு, சம்பளம், விலகினால் பங்குக்கு எப்படி விலை போடுவது, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

பிரைவேட் லிமிடெட்டின் அடிப்படை 1897இல் லண்டனில் வந்த சாலமன் வழக்கிலிருந்தே மாறவில்லை. தோல் பூட்ஸ் தயாரித்த சாலமன் தன் தொழிலைக் கம்பெனியாக மாற்றினார். 20,007 பங்கில் 20,001 அவருடையது, மீதி ஆறு குடும்பத்தார் கையில். கம்பெனி நொடித்தபோது "இது அவர்தானே" என்று கடன்காரர் தரப்பு வாதாடியது. அப்போது அங்கே கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பெனி வேறு, சாலமன் வேறு. இந்தியாவில் இன்றும் அந்தக் கோட்பாடுதான் நிற்கிறது. பங்குக்குக் கொடுக்க வேண்டிய பணத்தைக் கொடுத்துவிட்டால் பங்குதாரரின் பொறுப்பு அதோடு முடிந்தது.

2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி இரண்டு பங்குதாரர், இரண்டு டைரக்டர் போதும். அதே இருவர் இரண்டுமாகவும் இருக்கலாம். குறைந்தபட்ச முதலீடு என்று இப்போது ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ரூபாய் விற்றாலும் ஆடிட் உண்டு. தொடங்கிய 180 நாளில் பங்குப் பணம் வந்ததாக அறிக்கை கொடுக்க வேண்டும். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் கணக்கு, 60 நாளில் ஆண்டு அறிக்கை. தாமதமானால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளுக்கு 100 ரூபாய். தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் டைரக்டர் ஐந்து ஆண்டு தகுதி இழப்பார். 2017இல் மத்திய அரசு இப்படி 3 லட்சத்துக்கும் அதிகமான டைரக்டர்களைத் தகுதி நீக்கம் செய்தது. பெயருக்கு டைரக்டராகச் சேர்க்கப்பட்டு, கம்பெனி என்ன ஆனது என்றே தெரியாமல் இருந்தவர்களுக்கும் அந்த அடி விழுந்தது. பிறகு உயர் நீதிமன்றங்களில் நிறைய வழக்கு நடந்தது, சென்னையிலும் நடந்தது.

இனி, லிமிடெட் என்ற சொல் எங்கெல்லாம் உங்களைக் காப்பாற்றாது என்று பார்ப்போம். இதைச் சொல்லாமல் எல்எல்பியையும் கம்பெனியையும் பரிந்துரைப்பது நியாயமில்லை.

பேங்க் சிசி லிமிட் (தொழில் நடத்த எடுத்து எடுத்துக் கட்டும் கடன்) கொடுக்கும்போது ஒரு கட்டுக் காகிதம் நீட்டுவார்கள். பெரும்பாலான பக்கங்களில் கம்பெனி சீல் வைத்து டைரக்டர் என்று கையெழுத்துப் போடுவீர்கள். சில பக்கங்களில் சீல் இருக்காது. உங்கள் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் மட்டும் இருக்கும். அதுதான் கியாரண்டி. அந்தக் கையெழுத்தோடு கம்பெனியின் கடன் முழுவதும் உங்கள் சொந்தப் பொறுப்பாகிவிடுகிறது. கியாரண்டி போட்டவரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமம் என்று ஒப்பந்தச் சட்டம் 128ஆம் பிரிவு சொல்கிறது. முதலில் கம்பெனியிடம் வசூலித்துவிட்டு அப்புறம் என்னிடம் வாருங்கள் என்று சொல்ல முடியாது. கம்பெனியின் கடன் திவால் நடைமுறையில் தீர்ந்துபோனாலும் கியாரண்டி கொடுத்தவர் தானாக விடுபடுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் தெளிவாக்கிவிட்டது. அரசின் கடன் உத்தரவாத நிதியின் கீழ் அடமானம் இல்லாமல் கடன் வாங்கினாலும், உங்கள் சொந்த கியாரண்டியை பேங்க் கேட்கும். அந்த நிதி பேங்குக்குப் பணம் கொடுத்தாலும் உங்கள் கடன் தள்ளுபடி ஆகாது. ஆகவே சீல் இல்லாத பக்கங்களைத் தனியே எடுத்து வைத்துப் படியுங்கள். மனைவியையும் அம்மாவையும் கியாரண்டி கேட்டால், வேண்டாம் என்று பேசிப் பாருங்கள். சில பேங்க் விடுவார்கள்.

இதில் நடைமுறை உண்மை ஒன்று இருக்கிறது. சிறு தொழிலில் லிமிடெட் பாதுகாப்பு பேங்க் கடனுக்குப் பெரும்பாலும் உதவாது. நூல்காரர், டையிங், ஜாப் ஒர்க் பாக்கி, பையரின் கிளெய்ம், விபத்து இழப்பீடு போன்றவற்றில்தான் உதவும். உங்கள் தொழிலில் அந்தத் தொகை சிறியது இல்லை.

அடுத்து செக். நிறுவனத்தின் செக் திரும்பினால் செக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138, 141 பிரிவுகளின்படி, தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்தவர்கள் மேலேயும் குற்ற வழக்கு வரும். எந்த அமைப்பாக இருந்தாலும் இது பொருந்தும். செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளில் நோட்டீஸ், நோட்டீஸ் கைக்கு வந்த 15 நாளில் பணம், இல்லையென்றால் அடுத்த ஒரு மாதத்தில் புகார். தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். நிர்வாகத்தில் இல்லாத டைரக்டர் வாதாடித் தப்பலாம், கையெழுத்துப் போட்டவருக்கு அது கஷ்டம். செக் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு மச்சினனிடம் கொடுத்துவிட்டு ஃப்ளோருக்குப் போகிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

வரிப் பாக்கியில் எல்எல்பிக்கும் கம்பெனிக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஜிஎஸ்டி சட்டத்தில் பார்ட்னர்ஷிப்பின் வரிக்கு ஒவ்வொரு பார்ட்னரும் பொறுப்பு. அந்தப் பொறுப்பைச் சொல்லும் அத்தியாயத்தின் நோக்கத்துக்கு எல்எல்பியும் அப்படிப்பட்ட நிறுவனமாகவே கருதப்படும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது ஜிஎஸ்டி பாக்கிக்கு எல்எல்பி உங்களைக் காப்பாற்றாது. கம்பெனியில், அதனிடம் வசூலிக்க முடியாதபோதுதான் டைரக்டரிடம் வருவார்கள். தன் பக்கம் பெரிய அலட்சியமோ கடமை மீறலோ இல்லை என்று அவர் நிரூபித்தால் தப்பலாம். வருமான வரியில் கம்பெனி டைரக்டருக்கும் எல்எல்பி பார்ட்னருக்கும் ஏறக்குறைய இதே மாதிரி ஏற்பாடு.

தொழிலாளர் விஷயம் எந்த அமைப்புக்கும் பொது. பத்துப் பேர் சேர்ந்தால் இஎஸ்ஐ, இருபது பேர் என்றால் பிஎஃப். இருபது மெஷின் போட்டால் டெய்லர், கைமடி, செக்கிங், அயர்னிங் எல்லாம் சேர்த்து இருபதை முதல் மாதமே தாண்டிவிடுவீர்கள். தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த பிஎஃப் பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். எல்எல்பி என்று சொல்லித் தப்ப முடியாது, தப்பவும் கூடாது. அது அவர்கள் சம்பளம். தொழிற்சாலைப் பாதுகாப்பிலும் கம்பெனி என்றால் டைரக்டர்களில் ஒருவர், பார்ட்னர்ஷிப் என்றால் பார்ட்னர்களில் ஒருவர்தான் ஆக்குபையர், அதாவது தொழிற்சாலைக்குச் சட்டப்படி பொறுப்பானவர். விபத்து நடந்தால் மேனேஜரை முன்னால் தள்ளிவிட்டு ஒதுங்க முடியாது.

மற்ற வகைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு அவை பொருந்தாது. ஒரு நபர் கம்பெனி ஒற்றை ஆளுக்கானது, ஒரு நாமினி வைக்க வேண்டும். இந்துக் கூட்டுக் குடும்பத் தொழிலில் கர்த்தாவுக்கு (குடும்பத் தலைவருக்கு) வரம்பில்லாத பொறுப்பு, மற்ற பங்காளிகளுக்குக் குடும்பச் சொத்தில் உள்ள தங்கள் பங்கு அளவு. கூட்டுறவுச் சங்கம் தமிழ்நாடு 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவது, அதன் நோக்கமே வேறு. திருப்பூரில் சாயப்பட்டறைகள் பல சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்காகவே பிரைவேட் லிமிடெட் கம்பெனி நடத்துகின்றன. ஒருவரை ஒருவர் அதிகம் தெரியாத பலர் பணம் போட்டு ஒரே சொத்தை நடத்துவதற்கு அந்த அமைப்பு நன்றாகப் பொருந்துகிறது.

இப்போது மாமனாரின் 25 லட்சம். அவரை எதிலும் பார்ட்னராகச் சேர்க்காதீர்கள், கடனாக வாங்குங்கள். நிலம் விற்ற பணம்தான் அவருடைய முதுமைக்கு மிச்சம் என்று நினைக்கிறேன். அது போனாலும் மீதிச் சொத்தாவது போகாமல் இருக்க வேண்டும். லாபத்தில் பங்கு வேண்டும் என்று அவர் கேட்டால், கடன் கொடுத்தவர் லாபத்தைப் பொறுத்து மாறும் தொகை பெறுவதால் மட்டும் பார்ட்னர் ஆகிவிட மாட்டார் என்று கூட்டாண்மைச் சட்டம் 6ஆம் பிரிவே சொல்கிறது. ஆனாலும் நிலையான வட்டி எழுதுவதுதான் பாதுகாப்பு. பணம் முழுவதும் பேங்க் வழியாக வரட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும், ரொக்கமாகத் திருப்பிக் கொடுத்தாலும் அப்படியே.

பிரைவேட் லிமிடெட் எடுத்தால் இங்கே ஒரு சிக்கல். கம்பெனி வெளியாட்களிடம் கடன் வாங்கினால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்குக் கடுமையான கட்டுப்பாடு. டைரக்டரிடமும் டைரக்டரின் உறவினரிடமும் வாங்கலாம், அது கடன் வாங்கிக் கொடுத்த பணம் இல்லை என்று பணம் தருபவர் எழுத்தில் உறுதி தர வேண்டும். யார் உறவினர் என்பதற்குச் சட்டத்தில் பட்டியல் இருக்கிறது. மகளின் கணவர் அதில் உண்டு, மனைவியின் அப்பா இல்லை. அதாவது உங்கள் வழியாகப் பார்த்தால் மாமனார் உறவினரே அல்ல. உங்கள் மச்சினன் டைரக்டராக இருந்தால் அவருடைய அப்பா என்ற முறையில் உறவினர். அவர் டைரக்டராக இருக்கும்போது பணம் வர வேண்டும், கடிதத்தில் அப்படியே எழுத வேண்டும். வருடாவருடம் ஜூன் 30க்குள் இந்தக் கடனை டெபாசிட்டுக்கான தனிப் படிவத்தில் காட்டவும் வேண்டும். எல்எல்பிக்குக் கம்பெனிச் சட்டத்தின் இந்தக் கட்டுப்பாடு இல்லை.

என் கருத்து: நீங்களும் மச்சினனும் மட்டும் பார்ட்னராக எல்எல்பி, மாமனாருடையது எழுதப்பட்ட கடன், மனைவி வெளியே. செக்கில் இருவர் கையெழுத்து. ஜிஎஸ்டியை மட்டும் ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதீர்கள், அதில் உங்களுக்குக் கவசம் இல்லை. வெளியிலிருந்து முதலீட்டாளர் வரப்போகிறார் என்றாலோ, லாபத்தை எடுக்காமல் தொழிலிலேயே விட்டு வளர்க்கப்போகிறீர்கள் என்றாலோ பிரைவேட் லிமிடெட் நல்லது. புதிய வரி முறையில் கம்பெனிக்கு 22 சதவீதம், சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து 25.17. ஆனால் டிவிடெண்டாக எடுத்தால் உங்கள் கையில் மறுபடி வரி. வருடாவருடம் லாபத்தை எடுத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாக நிற்காது.

கடைசியாக, மச்சினன் பெயரில் ஏற்கெனவே ஜிஎஸ்டி எடுத்துச் சின்னதாக ஜாப் ஒர்க் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணிலேயே எல்எல்பியை ஓட்ட முடியாது, பான் மாறுவதால் புதிய பதிவு வேண்டும். மெஷின், ஸ்டாக், வர வேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாவற்றுக்கும் ஒரு தேதியில் பட்டியல் எடுத்து, பொறுப்புகளோடு சேர்த்து மாற்றுவதாக ஒப்பந்தம் எழுதுங்கள். பயன்படுத்தாத உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, இன்னும் கழித்துக்கொள்ளாத ஜிஎஸ்டியை) ஐடிசி-02 படிவத்தில் புது எண்ணுக்கு மாற்றிவிட்டுப் பழைய பதிவை ரத்து செய்யுங்கள். பழைய பாக்கிக்கு அவர் தொடர்ந்து சொந்தமாகப் பொறுப்பு, எல்எல்பி வந்ததால் அது மறையாது. தொழிலை அப்படியே எடுத்துக்கொள்ளும்போது பழைய ஜிஎஸ்டி பாக்கிக்கு எடுத்துக்கொள்ளும் எல்எல்பியும் பொறுப்பாகும். ஆகவே கையெழுத்துப் போடும் முன் அந்தப் பழைய எண்ணின் ரிட்டர்ன்கள் எல்லாம் தாக்கலாகியிருக்கிறதா, நோட்டீஸ் ஏதாவது வந்து கிடக்கிறதா என்று போர்ட்டலில் அவரோடு உட்கார்ந்து பார்த்துவிடுங்கள்.